மூன்று பேட்டிகளில் செத்தவள்

ஏழுமலைக்கு, உன்னைப் பெற்றவள் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நானும் சுகம்தான், ஆனால் அதை வெளியில் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று நீ அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருப்பதால் கொஞ்சம் மெதுவாகவே சொல்கிறேன். திங்கட்கிழமை உன் அப்பா தாம்பரம் மார்க்கெட் பக்கத்து அச்சகத்திலிருந்து உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை வாங்கிவந்தார். என் கையில் கொடுக்காமல் அரிசி டின் மேல் வைத்துவிட்டு, கால் கழுவப் போகிறேன் என்று போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். அவருக்கு இருப்பது இரண்டு கால்தான். நான் மூன்றாங்கிளாஸோடு நின்றவள் என்றாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பிள்ளையார் படம் நன்றாக இருந்தது. உன் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டு, அதற்கும் பின்னால் எழுத்தாளர் என்று போட்டிருந்தது நன்றாக இருந்தது. அப்பா பெயர் சரியாக இருந்தது. என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். எந்த வியாதியில் போனேன் என்று பின்பக்கம் போட்டிருப்பாய் என்று நினைத்தேன், வெறும் தாளாக இருந்தது. அதற்கு ரேடியோ கேட்டிருக்க வேண்டும் போல.

இந்தக் கடிதத்தை எனக்காக எழுதுவது மூன்றாவது போர்ஷன் ஸ்டெல்லா டீச்சர். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள், பேச்சைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்காரிக்குக் கை சும்மா இருக்காது, அங்கங்கே என் பேச்சைத் துவைத்து இஸ்திரி போட்டிருப்பாள், கண்டுகொள்ளாதே. உறையை ஒட்டாமல்தான் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யார் படித்தாலும் படிக்கட்டும். ஊரே கேட்கத்தானே என்னைக் கொன்றாய், பதிலை மட்டும் ஏன் மூடி அனுப்ப வேண்டும். இப்போதே ஆறு போர்ஷன்காரர்களும் மோட்டார் ரூம் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்ல இடம் வந்தால் இன்னொரு தரம் படியுங்கள் டீச்சர் என்கிறார்கள். உன் நாவலுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

உன் நாவலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நீ முதல் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்தேன். முழுவதும் படித்தேன். அரிசி களைந்துகொண்டே ஒரு பக்கம், குழம்பு கொதிக்கும்போது ஒரு பக்கம் என்று கடைசி வரைக்கும் போனேன். அதில் வருகிற அம்மா பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில் ஒரு குடிசையில் இருக்கிறாள். பேசவே மாட்டாள். பக்கத்துக்கு ஒரு தரம் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இவ்வளவு அழுகிறவளை யாராவது கண் டாக்டரிடம் காட்டியிருக்கலாம், உனக்குத் தோன்றவில்லை. நமக்குக் குடிசை எங்கேடா இருந்தது? உன் தாத்தாவின் நிலத்தை மனை போட்டு விற்று, மிச்சத்தில் ஆறு போர்ஷன் கட்டி, வாடகைக்காரர்களிடம் மோட்டாருக்கும் தண்ணீருக்கும் சண்டை போட்டுத்தானே உன்னைப் படிக்க வைத்தோம். நான் அழுது நீ எப்போது பார்த்தாய்? நான் சிரித்துத்தான் பார்த்திருப்பாய், அதுவும் பெரும்பாலும் உன்னைப் பார்த்து. பத்துப் பேர் இருக்கிற இடத்தில் உன்னை 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிட்டிருக்கிறேன். உன் காது பெரியதென்று, மழை பெய்தால் பக்கத்தில் நிற்கிறவனையும் சேர்த்து நனையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒருத்தியைப் புத்தகத்தில் வைத்தால் விற்காது என்று நினைத்தாய். சரிதான், விற்காது. ஆனால் அழுகிறவளை வைத்தும்தான் விற்கவில்லை. புத்தகம் போட்டவர் கட்டுக் கட்டாக உன்னிடமே திருப்பிக் கொடுத்ததும், அவற்றையெல்லாம் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளியதும் ஞாபகம் இருக்கிறதா? அத்தனை அம்மாக்கள் கீழே அழ, நான் மேலே நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகுதான் ரேடியோவிலிருந்து கூப்பிட்டார்கள். உன் சிநேகிதன் யாரோ சொல்லி வைத்து, முன்னாலேயே பதிவு பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுகிற புதிய எழுத்தாளர் பேட்டி. நீ டவுனில் உன் மேன்ஷன் ரூமிலேயே இருந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டாய். நான் இங்கே டிரான்சிஸ்டரை மோட்டார் ரூம் கைப்பிடிச் சுவரில் வைத்து, எல்லா போர்ஷனையும் கூப்பிட்டு, நெய் விட்டுக் கேசரி கிளறி வைத்திருந்தேன். பேட்டி எடுத்த அம்மாளுக்கு என்ன குரல், பால்கோவா மாதிரி. உன் குரல்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. இனிமேல் பேட்டிக்குப் போகும்போது ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுப் போ, சின்ன வயதிலிருந்தே உனக்குப் பயம் வந்தால் நாக்கு உலர்ந்துவிடும்.

“இந்த நாவலில் வரும் தாய், உங்கள் சொந்தத் தாயார்தானா?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“ஆமாம்,” என்றாய். இங்கே எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அவர்கள் இந்தப் புத்தகத்தைப் பார்த்தார்களா?”

நீ சும்மா இருந்தாய். ரேடியோவில் கொர்ரென்று ஒரு சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருக்கும். பிறகு, “இல்லை. அம்மா இப்போது இல்லை,” என்றாய்.

ஸ்டெல்லா டீச்சர்தான் முதலில் வாய் திறந்தாள். “ஆன்ட்டி, அவர் வேற யாரையோ சொல்றார்னு நினைக்கிறேன்.”

“வேற அம்மா எத்தினி பேரை வச்சிகினு கீறான் டீச்சர்?” என்றேன். “சரி, கேசரியை எடுத்துக்கங்க. சாவு வூட்ல இனிப்பு குடுக்கக் கூடாதுதான். இன்னா பண்றது, நெய்யி விட்டுட்டேன்.”

உன் அப்பா பேப்பர் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினார். பேப்பர் அவர் கக்கத்தில்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நீ வந்தாய். நான் சாதத்தைப் போட்டு வஞ்சிர மீன் குழம்பை ஊற்றினேன். நீதான் முள்ளைப் பார்த்துப் பேசுகிற மாதிரி ஆரம்பித்தாய்.

“வாய் தவறி வந்துடுச்சும்மா. அந்தம்மா அப்படிக் கேட்டதும்…”

“எப்படிக் கேட்டா?”

“ரொம்ப மெதுவா, மரியாதையா. இருக்காங்கன்னு சொன்னா நல்லா இருக்காது போல இருந்துச்சு.”

“நான் உசிரோட கீறது நல்லா இல்லியா?”

“பேட்டிக்கும்மா. பேட்டிக்குச் சொல்றேன்.”

அடுத்த பேட்டியில் திருத்திவிடுவதாகச் சொன்னாய். அடுத்த பேட்டியும் வந்தது, சாயங்காலத்தில், இளைஞர்களுக்கு. முதல் பேட்டியில் சும்மா செத்திருந்தேன், இரண்டாவதில் எனக்கு வியாதி வந்தது. வயிற்றில் கட்டி. வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, உன் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தேனாம். ஏண்டா, எனக்கு ஒரு கொட்டாவி வந்தாலே நான் ஆறு போர்ஷனுக்கும் சொல்கிறவள். மூன்றாவது பேட்டியில் உனக்கு நன்றாகக் கை வந்துவிட்டது. வெளியே மழை, உள்ளே சிம்னி விளக்கு, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை வாசிக்கிறாய், நான் 'எழுது மகனே' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறேன். அந்த அம்மாள் ரேடியோவிலேயே மூக்கை உறிஞ்சினாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் என் கை இங்கே நெத்திலி கழுவிக்கொண்டிருந்தது. பூனைக்கு ஒன்று போட்டுவிட்டுக் கேட்டேன், நல்ல சாவுதான். ஆனால் உன் அம்மாவை உனக்குத் தெரியவில்லை. நான் சாகும்போது கதை கேட்க மாட்டேன். மோட்டாரை அணைத்தீர்களா என்று கேட்பேன்.

உனக்கு ஆளைக் கொல்வது புதிதில்லை. ஐந்தாங்கிளாஸ் படிக்கும்போது, பள்ளிக்கரணை ஏரியில் மீன் பிடிக்கப் போக, கன்னியப்பன் மாமா செத்துப்போனார் என்று வாத்தியாரிடம் சொல்லி லீவு வாங்கினாய். அன்றைக்கே கன்னியப்பன் உன் பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தி, வாத்தியாரிடமே வைக்கோல் வேண்டுமா என்று கேட்டான். வாத்தியார் வீட்டுக்கு வந்தபோது நான்தான், எங்க வூட்ல ரெண்டு கன்னியப்பன் சார், போனவன் வேற என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போனதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ மூலையில் உட்கார்ந்து அழுதாய். மாட்டிக்கொண்டால் அழுவாய், மாட்டாவிட்டால் இன்னும் நாலு வரி சேர்த்துச் சொல்வாய், அன்றைக்கும் இன்றைக்கும் உன் குணம் அதுதான். அதே கன்னியப்பன்தான் உன் மூன்றாவது பேட்டிக்கு மறுநாள் வேங்கைவாசலிலிருந்து சைக்கிளில் வந்தான். ஹேண்டில்பாரில் ரோஜா மாலை. நான் பைப்படியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னாக்கா, நீ பூட்டேன்னு ரேடியோல சொன்னாங்களாமே?”

“ஆமாண்டா. உக்காரு, காபி போடறேன்.”

“மாலை வேற வாங்கியாந்துட்டேன்.”

“நல்ல மாலையா கீதே. எங்க வாங்கின?”

“மேடவாக்கம் கூட்ரோட்ல. போவும்போது திருப்பிக் குடுத்தா எடுத்துப்பானா?”

“செத்தவ எழுந்து காபி போடறான்னு சொல்லு, எடுத்துப்பான்.”

காபியைக் குடித்துவிட்டு, “அஞ்சாங்கிளாஸ்ல என்னைக் கொன்னான், இப்ப ஒன்னை. குடும்பத்துல வேற யாரையும் வுட்டு வைப்பானாக்கா?” என்றான். மாலையை மோட்டார் சுவிட்சுக்குப் போட்டுவிட்டுப் போனான். உன் அப்பா அதைப் பார்த்து ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நான் செத்தது வீணாகவில்லை. நீ வாரா வாரம் வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து கட்டுக் கட்டாக எடுத்துப் போனாய். இரண்டாம் பதிப்பு போடப் போகிறார்கள் என்றாய். இப்போது அந்த இடத்தில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறேன். அழ வைக்கிற சாமானுக்கென்றே ஆகிவந்த இடம் அது.

அப்புறம் அந்தப் பெண் சுமதி. மறைமலை நகரில் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிறவள், உன் பேட்டியைக் கேட்டுவிட்டு ரேடியோ நிலையத்துக்கு எழுதி, அவர்கள் உனக்கு அனுப்பி, நீ பதில் எழுதி, அவள் திரும்ப எழுதி, கடைசியில் இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்வது என்று ஆனது. நல்லது. அவளுக்கும் சின்ன வயதிலேயே அம்மா இல்லை என்று அப்பா சொன்னபோது, அந்த 'அவளுக்கும்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே சம்பந்தம் பேசினீர்கள். மாப்பிள்ளையின் அம்மா தவறிப்போனதற்கு அந்தப் பெண்ணின் அப்பா துக்கம் விசாரித்தார் என்றும், உன் அப்பா சாம்பாரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார் என்றும் கேள்விப்பட்டேன். சம்பந்தி போகும்போது, “வயசு ஒண்ணும் ஆயிடலை சார், எங்க சொந்தத்துல ஒருத்தங்க இருக்காங்க, நீங்களும் யோசிக்கலாமே,” என்றாராம். இதை மட்டும் உன் அப்பா என்னிடம் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார். ஆள் எப்படி என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். கேட்டிருக்கலாம், நான்தான் இல்லையே.

பத்திரிகை மாதிரி வந்த திங்கட்கிழமை, கால் கழுவி முடித்து வந்து உட்கார்ந்தவர், நீ சொல்லி அனுப்பியதை மெல்ல எடுத்து விட்டார்.

“கல்யாணத்துக்கு நீ வர வேணாம்னு அவன் சொல்லல. வரலாங்கிறான்.”

“யாரா வர்றது?”

“ஒன்னோட அக்காவா.”

“எனக்கு ஏது அக்கா?”

“அதான், இல்லாததால பேஜாரு இல்லங்கிறான். யாரும் வந்து விசாரிக்க மாட்டாங்க. மொகமும் ஒத்துப் போவும். கொஞ்சம் நாள் போனா பெரியம்மான்னு வூட்டுக்குக் கூப்ட்டு வச்சிக்கலாங்கிறான்.”

பெற்றவளைக் கொன்றுவிட்டு அவளுக்கு ஒரு அக்காவைப் பெற்றெடுத்திருக்கிறாய். அது ஏண்டா அக்கா? தங்கச்சி என்று வைத்திருந்தால் எனக்கு வயதாவது குறைந்திருக்கும். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் நாலாவது போர்ஷன் குழந்தை விழித்துக்கொண்டது. உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “நான் இன்னாத்த சொல்லுவேன், அவன் கல்யாணம் நின்னுடப் போவுது,” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகன் பக்கம் ஒரு பொய், பெண்டாட்டி பக்கம் ஒரு உண்மை என்றால் எந்தப் பக்கம் வாடகை பாக்கி இல்லாமல் வருமோ அந்தப் பக்கம் சாய்கிற மனுஷன்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், நன்றாக உட்கார்ந்து படி. இன்றைக்குக் காலையில் சுமதி இங்கே வந்தாள். உன்னிடம் சொல்லாமல், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒல்லியான பெண், கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைப்பூ. ஏழுமலை சார் வீடு இதுதானே என்று கேட்டாள்.

“இதான். இன்னா வேணும்மா?”

“நான் சுமதி. அவங்க அம்மா போட்டோவுக்குப் பூ வைக்கலாம்னு வந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை வரணும்னு தோணுச்சு. நீங்க…?”

வாய் வரைக்கும் வந்துவிட்டது. உனக்கு அந்தப் பால்கோவா குரல் அம்மாள் எதிரில் வந்த மாதிரியே எனக்கும் ஒரு மூச்சு நேரம் வந்தது. அந்தப் பெண்ணின் கண் அதற்குள்ளேயே நனைந்திருந்தது. “நான் இங்க குடித்தனம். மூணாவது போர்ஷன்,” என்றேன். நிஜமான மூன்றாவது போர்ஷன்காரி என் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சிரிக்கவா ஜெபம் பண்ணவா என்று இப்போது கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

“போட்டோ எங்க மாட்டியிருக்கு?”

“கண்ணாடி ஒடஞ்சி பூட்ச்சி. மாத்தக் குடுத்துகீது.”

“அவங்க எப்படி இருப்பாங்க?”

“என்னை மாதிரிதான் இருப்பா. கொஞ்சம் வாய் ஜாஸ்தி.”

“புத்தகத்துல பேசவே மாட்டாங்கன்னு எழுதியிருக்காரே.”

“அவளா பேச மாட்டா? அவ வாயத் தொறந்தா ஏரியில கீற கொக்கெல்லாம் எழும்பிப் போவும். மவனை உக்கார வுட மாட்டா, நிக்க வுட மாட்டா, கிண்டல் பண்ணிகினே இருப்பா.”

அந்தப் பெண் சிரித்தாள். சிரித்தால் ஒரு பல் கொஞ்சம் முன்னால் தெரிகிறது, அழகாகத்தான் இருக்கிறது, நான் ஏதாவது சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றாள். எழுதியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்குமே என்றாள். கேட்டுக்கொண்டாயா, விமர்சனம்.

உள்ளே கூட்டிப்போய் நான் செத்த அறையைக் காட்டினேன். உன் பேட்டியை அவள் வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருக்கிறாள், அதனால் நான் தப்பாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று எனக்குத்தான் பயம். கூட இருந்து பார்த்துக்கொண்டது நீங்களா என்றாள், ஆமாம் என்றேன். மழையா என்றாள், மழை என்றேன். சிம்னி விளக்கு எங்கே வைத்திருந்தார்கள் என்றாள், ஜன்னலைக் காட்டினேன். கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். அடியில் வெங்காயம் இருந்தது. கண் கலங்கியதற்குக் காரணம் வெங்காயமாகவே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன், அவளுக்கும் சரி எனக்கும் சரி. அங்கேயே தரையில் உட்கார்ந்து சொன்னாள்: “எனக்கு அம்மா முகமே ஞாபகம் இல்லைங்க. அவர் பேசினதைக் கேட்டப்போ சமையல்கட்டுல கையில கரண்டியோட அப்படியே உக்காந்துட்டேன். இந்த மனுஷனுக்கு நான் சொல்ற ஒண்ணு புரியும்னு தோணுச்சு. ரெண்டு பேருக்கும் இல்லாதது ஒண்ணேதான். அதை வச்சுத்தான் நாங்க பேசவே ஆரம்பிச்சோம்.”

நான் விடவில்லை. “மாமியார் இல்லாத வூடு, நிம்மதின்னு நெனைக்கலியா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, கொடுத்து வச்சவன்னு. எனக்கு அப்படி இல்லை. அவங்க இருந்திருந்தா, அம்மான்னு கூப்பிட எனக்கும் ஒரு ஆள் கிடைச்சிருக்கும்.”

நீ மூன்று பேட்டியில் என்னைக் கொன்றாய், அதில் ஒன்றுகூட வலிக்கவில்லை. இது வலித்தது. ஒருத்தி இரண்டு பஸ் மாறி அம்மாவைத் தேடி வந்திருக்கிறாள், அம்மாவும் எதிரிலேயே கையில் கீரையோடு நிற்கிறாள், நடுவில் நீ ஒரு ரேடியோவை வைத்திருக்கிறாய்.

காபி குடித்தாள். கிளம்பும்போது பூவைப் பார்த்தாள். “போட்டோதான் இல்லையே, நீங்க வச்சுக்கங்க. அவங்களைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டவங்க நீங்கதானே,” என்று சொல்லி, என்னைத் திருப்பி நிறுத்தி, என் படத்துக்கு வாங்கிவந்த பூவை என் தலையில் வைத்தாள். அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் காலில் விழும்போது, மாப்பிள்ளையின் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள்தான் வந்து நிற்க வேண்டும் என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாலாவது பேட்டியாமே, இரண்டாம் பதிப்புக்கு. அதில் உங்கம்மாவைப் பார்த்துக்கொண்ட மூணாவது போர்ஷன் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்லி உன்னிடம் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்நேரம் கேட்டிருப்பாள். நீ ஸ்டெல்லா டீச்சர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டியிருப்பாய்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பிள்ளைமேல் பாசம் என்று எழுதிக்கொள்ளாதே, நாலாவது பேட்டிக்கு அது உதவும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னால் நீ மாட்டிக்கொண்டவன், அவள் அழுது, உன் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். நீயே சொன்னால் அடித்தாலும் அடிப்பாள், இருந்தாலும் இருப்பாள். எது நடந்தாலும் அது உன் வாயால் நடக்கட்டும். அவளிடம் சும்மா இருந்து தப்பிக்கலாம் என்று மட்டும் பார்க்காதே. ரேடியோவில் நீ சும்மா இருந்ததையே அவ்வளவு கவனமாகக் கேட்டவள், சமையல்கட்டில் நீ எதிரில் நின்று சும்மா இருந்தால் கேட்காமல் விடமாட்டாள்.

கல்யாணம் ஆகிறவனுக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், எனக்குத் தெரிந்தது இதுதான். இல்லாததை ஒரு தரம் சொன்னால் அதற்கு வருஷா வருஷம் படைக்க வேண்டிவரும். உன் பெண்டாட்டி பயபக்தியான பெண், ஆடி அமாவாசைக்கு இலை போடாமல் விட மாட்டாள். நீ குளித்துவிட்டு வந்து, உயிரோடு இருக்கிற எனக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு, காக்காவைக் கா கா என்று கூப்பிட வேண்டும். எனக்குப் பிடித்ததென்று அவள் எதையாவது சமைப்பாள், எனக்கு அது பிடிக்காதென்றும் உன்னால் சொல்ல முடியாது. அது போகட்டும், நான் நிஜமாகப் போகிற நாளை யோசித்துப் பார்த்தாயா? ஆபீசில் போய் லீவுகூடக் கேட்க முடியாது உன்னால். எங்கம்மா செத்துப் போய்ட்டாங்க சார் என்றால், அதுதான் ரேடியோவிலேயே கேட்டோமே என்பார்கள். வீட்டிலும் அழ முடியாது, பெரியம்மாவுக்கு என்ன இத்தனை அழுகை என்று அவள் பார்ப்பாள். வேறு வார்த்தையும் உன்னிடம் மிச்சம் இருக்காது. மழை, சிம்னி விளக்கு, கை பிடித்தது எல்லாவற்றையும் செலவழித்தாகிவிட்டது. எனக்கென்று இருந்த அழுகையை ஊருக்கு ஒலிபரப்பிவிட்டாய், நான் போகும்போது வெறுங்கையோடுதான் நிற்பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரான்சிஸ்டரை அதே கைப்பிடிச் சுவரில் வைக்கிறேன். ரவையும் நெய்யும் வாங்கி வைத்திருக்கிறேன், கிளறுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. பெட்டியிலிருந்து இரண்டு புடவையை எடுத்து வெளியே போட்டிருக்கிறேன். ஒன்று அரக்கில் சரிகை போட்டது. நீ பத்தாங்கிளாஸ் பாஸான வருஷம் காஞ்சிபுரத்தில் எடுத்தது, உன் கல்யாணத்துக்கென்று நான் ஒருநாள்கூடக் கட்டாமல் வைத்திருப்பது. இன்னொன்று பூப்போட்ட நைலக்ஸ், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் கட்டிக்கொண்டு போவது. நீ பேசி முடித்ததும் ஒன்றை மடித்து உள்ளே வைத்துவிடுவேன். உன் அப்பாவிடம் எதை வைத்தேன் என்று சொல்ல மாட்டேன்.

எதைக் கட்டினாலும் வருவேன், அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தாலி கட்டி முடிந்ததும் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உன் எதிரில் நிறுத்துவாள். இவங்கதான் என்பாள். அப்போது என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்து வைத்துக்கொள். வெந்நீர் குடித்துவிட்டு வா. அப்படியும் நாக்கு எழவில்லை என்றால் கஷ்டப்படாதே, முதல் பேட்டியில் சும்மா இருந்தாயே, அதே மாதிரி ஒரு மூச்சு நேரம் சும்மா இரு, எனக்கு விளங்கிவிடும். உன் தலையில் அட்சதையைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலைப் பாக்குப் பை வாங்கிக்கொண்டு, மூணாவது போர்ஷன்காரி எப்படிப் போவாளோ அப்படியே போய் பஸ் ஏறிவிடுவேன்.